எண்பத்தைந்துக்குள்

லாரிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் கிலோ. பன்னிரண்டு வருஷமாக எடைமேடையின் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆளும் கொஞ்சம் கனம் என்பதால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

எடைமேடை வேலை சொல்வதற்குச் சுலபம். லாரி காலியாக வரும்போது ஒரு தடவை எடை, சரக்கோடு வரும்போது இன்னொரு தடவை எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. ஆனால் அந்த இரண்டு எடைக்கும் நடுவில் மனிதர்கள் காட்டும் சாமர்த்தியம் இருக்கிறதே! காலி வண்டியாக வரும்போது ஸ்டெப்னி டயரை எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, டீசல் டேங்கை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுப் பூனை மாதிரி மேடையில் ஏறுவார்கள். சரக்கோடு திரும்பும்போது டயரும் வந்துவிடும், டிரம்மும் தளும்பும், எல்லாம் சரக்கின் கனத்தில் சேர்ந்துகொள்ளும். கிலோவிடம் அந்தப் பருப்பு வேகாது. கூண்டிலிருந்து இறங்கி வந்து டிரம்மை விரலால் தட்டிப் பார்த்து, "தண்ணி எங்கண்ணே? போய் நிரப்பிட்டு வாங்க" என்பான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வண்டிகூட அவனை ஏமாற்றியதில்லை.

இப்பேர்ப்பட்டவன்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் சொந்த உடம்புக்குத் திருட்டு எடை போடுவதென்று தீர்மானித்தான். வேலியே பயிரை மேய்வது என்று சும்மாவா சொன்னார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. கிலோ ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதிக்கொண்டார்கள். அது தப்பு என்று அவனுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய இருபது வருஷம் பிடித்தது. இப்போது முப்பத்திரண்டு. நாலு வருஷமாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான். குரல் இறங்கிவிட்டது, மீசை அரும்பி நிலைத்துவிட்டது, மாதவிலக்கு நின்றுவிட்டது. மிச்சம் மார்பு ஒன்றுதான். அதை பைண்டர் என்கிற இறுக்கமான உள்சட்டைக்குள் அமுக்கி, மேலே பனியன், அதன் மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தகரக் கூண்டில் வேகிறான். மூச்சை முழுதாக இழுத்து விட்டு எத்தனையோ வருஷமாகிறது.

மார்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு டாக்டரம்மா ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை. "தொண்ணூத்தெட்டு கிலோ இருக்கீங்க. மயக்க மருந்துக்கும் ஆகாது, காயம் ஆறுறதுக்கும் ஆகாது. எட்டு மாசம் தரேன். எண்பத்தஞ்சுக்குள்ள வாங்க."

எட்டு மாதமும் அவன் யோக்கியமாகத்தான் இருந்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து பசி பேய்ப்பசியாக இருந்தது. ஆஸ்பத்திரி டயட்டீஷியன் ஒரு தட்டை வரைந்து காட்டினாள்: பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி முட்டையோ மீனோ பருப்போ. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதே என்றாள். "பட்டினி மட்டும் கிடக்காதீங்க. கொழுப்பு கரையுதோ இல்லையோ, சதை கரைஞ்சுடும். அப்புறம் தையல் போட்ட இடம் எதை வச்சு ஆறும்?" பைண்டர் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கவும் கூடாது என்றாள், மூச்சு முட்டும், விலா எலும்பு நோகும். அப்படியென்றால் அதைக் கழற்றிவிட்டுத் தெருவில் நடக்க வேண்டும். கிலோவுக்கு அதைவிடத் தூக்கில் தொங்கலாம் போல இருந்தது. கடைசியில், லாரிகள் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் எடைமேடை வளாகத்துக்குள்ளேயே பெரிய மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தான். வெயில் காலத்தில் மழைக்கோட்டு. காவலாளி முதல் வாரம் சிரித்தார், இரண்டாம் வாரம் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டு எண்பத்தேழுக்கு வந்தது. வந்து நின்றுகொண்டது. நடந்தாலும் எண்பத்தேழு, படுத்தாலும் எண்பத்தேழு. உடம்பு சில சமயம் இப்படி முரண்டு பிடிக்கும், பொறுத்துக்கொண்டால் இறங்கும் என்று டயட்டீஷியன் சொல்லியிருந்தாள். பொறுக்க நேரமில்லை. வியாழக்கிழமை கடைசி எடை. அதில் தேறினால் மூன்று வாரத்தில் ஆபரேஷன். தேறாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்; தனக்கு மறுபடி இடம் கிடைக்கப் பதினோரு மாதம் ஆகும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். எண்பத்து ஆறு கிலோ தொள்ளாயிரம் கிராம் என்று காட்டிய வீட்டுத் தராசின் மேல் நின்றபடி, பன்னிரண்டு வருஷம் தான் பிடித்த திருட்டையெல்லாம் கிலோ ஒரு தடவை நினைத்துப் பார்த்தான். டிரம்மைக் கவிழ்த்தால் வண்டி லேசாகிவிடும்.

செவ்வாய் காலையிலிருந்து அவன் தண்ணீர் குடிக்கவில்லை. சாப்பாடும் பெயருக்குத்தான்: இரண்டு பிஸ்கட், அரை முட்டை. கூண்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு பனியன் போட்டு வியர்த்தான். புதன்கிழமை மதியம் எண்கள் கண்ணுக்கு முன்னால் நீந்தின. ஒரு டிரைவர் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"என்ன கிலோ, உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு?"

"வெயில்ண்ணே."

"வெயிலு எங்களுக்கும்தான் அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

வீட்டில் அம்மா மட்டும்தான். அவளுக்கு இந்த ஆபரேஷன் பிடிக்கவே இல்லை. பெயரை மாற்றிக்கொண்டபோது ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசினாள். ஊசிக்கு அழுதாள், பிறகு அவளே நாள் பார்த்து ஞாபகப்படுத்தினாள். கத்தியை மட்டும் அவளால் ஏற்க முடியவில்லை. அவனுடைய அப்பா குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தவர்; நாலாம் நாள் நெஞ்சில் ரத்தக்கட்டி அடைத்துப் போய்விட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் என்றாலே பாடைதான். "மீசை வச்சுக்கோ, பேரை மாத்திக்கோ, யார் கேட்டா? கத்தி மட்டும் வேணாம்டா" என்பதே அவள் பேச்சு. ஆனால் சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டதும் அவள்தான். மகன் கேட்டால் செய்வாள், மனதுக்குள் அது நடக்காமல் போகவும் வேண்டிக்கொள்வாள். தாய்மாரிடம் இந்த இரண்டும் ஒரே பானையில் வேகும்.

வியாழக்கிழமை அவளும் கூடவே வந்தாள். முதலில் ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு தடவை குத்தினாள். பிறகு தராசு. கிலோ செருப்பைக் கழற்றினான், பெல்டைக் கழற்றினான், கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றினான். எண்பத்து நாலு கிலோ எண்ணூறு. நர்ஸ் குறித்துக்கொண்டாள். அவனுக்குத் தலை சுற்றியது, அது சந்தோஷமா தாகமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவன் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். ரத்தச் சோதனைத் தாள் மேஜையில் இருந்தது. எடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ரத்தம் ரொம்பத் தடிச்சிருக்கு. ஊசி போடுறவங்களுக்குச் சில பேருக்கு இப்படி ஆகும். இந்த நிலையில நான் கத்தி வைக்க மாட்டேன். ஆபரேஷனைத் தள்ளிப் போடணும்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நாள் இல்ல. ஊசியை நிறுத்தணும். ஒரு மூணு மாசம் நிறுத்திட்டு மறுபடி பார்க்கணும்."

ஊசி நின்றால் மாதவிலக்கு திரும்பும். நாலு வருஷம் முன்னால் எந்த உடம்பிலிருந்து தப்பி வந்தானோ அதன் வாசலில் மறுபடி கொண்டுபோய் விடுகிறார்கள். வாயைத் திறந்து, தண்ணீர் குடிக்காமல் வந்தேன் டாக்டர், அதனால்தான் தடித்திருக்கிறது என்று சொன்னால் ஊசி பிழைக்கும். ஆனால் எண்பத்து நாலு எண்ணூறு செத்துவிடும், தேதியும் மூன்று மாதத்துக்குப் பதில் பதினோரு மாதம் தள்ளிப் போகும். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அவன் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பயப்படுறேன்னா" என்று டாக்டரம்மா தொடர்ந்தார், "தடிச்ச ரத்தத்தோட படுக்க வச்சா கால்ல கட்டி உண்டாகும். அது நுரையீரலுக்குப் போய் அடைச்சுதுன்னா..."

"இவன் ரெண்டு நாளா தண்ணி குடிக்கல டாக்டர்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"நிஜமா?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப அந்த எடையும் பொய்." குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை. "இப்ப கீழே போய் உட்கார்ந்து தண்ணியைக் குடிங்க. கொஞ்சம் கொஞ்சமா. திங்கட்கிழமை வாங்க. ரெண்டையும் மறுபடி பார்ப்போம்."

கீழே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு, குடிக்காமலே அவன் சொன்னான்: "சந்தோஷமா? நீ நினைச்சது நடந்துடுச்சு. காட்டிக் கொடுத்துட்ட."

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும்டா. பானையில தண்ணி குறையவே இல்ல. சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன்?"

"மயங்கி விழுந்தா தேதி போயிடும்னு நினைச்சேன். போனா போகட்டும்னு பேசாம இருந்தேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கட்டின்னு சொன்னாங்க பாரு. அதுக்கு மேல என்னால முடியல."

அவனுக்கு வந்த கோபத்தில் பாட்டிலைச் சுவரில் எறிந்திருப்பான். ஆனால் எறிய யோக்கியதை இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டு நாள் ஒரே வீட்டில் இருவரும் திருடினார்கள், அவன் தராசை ஏமாற்ற, அவள் அவனை ஏமாற்ற. மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தான். தொண்டை எரிந்தது.

அதற்கடுத்த நாலு நாளும் அந்த வீட்டில் பேச்சு குறைவு. நேரத்துக்குத் தட்டு வந்தது, அவன் சாப்பிட்டான். நேரத்துக்கு டம்ளர் வந்தது, குடித்தான். தராசில் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை நர்ஸ் தராசைக் காட்டியபோது அவன் ஏறுவதற்கு முன்னால் சொன்னான்: "காலையில ரெண்டு முட்டையும் காயும் சாப்பிட்டிருக்கேன். மூணு டம்ளர் தண்ணி குடிச்சிருக்கேன். அதையும் எழுதிக்குங்க." நர்ஸ் விநோதமாகப் பார்த்துவிட்டு எழுதினாள். எண்பத்து ஆறு கிலோ முந்நூறு.

டாக்டரம்மா ரத்தத் தாளை முதலில் படித்தார். "ரத்தம் சரியா இருக்கு. ஊசியை நிறுத்த வேண்டாம்." பிறகு எடையைப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டுலேருந்து வந்திருக்கீங்க. ஆபரேஷனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, ஒழுங்கா சாப்பிட்டாலே இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரு கிலோ முன்னப்பின்ன இருந்தா எனக்குப் பயமில்ல. என் பயம் வேற." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆபரேஷன் அன்னைக்குக் காலையில உங்ககிட்ட கேப்பாங்க. என்ன சாப்பிட்டீங்க, எப்பக் குடிச்சீங்கன்னு. நீங்க சொல்றதை நம்பித்தான் மயக்க மருந்து. வீட்டுக்குப் போனப்புறம் காய்ச்சல் வந்தா, கால் வீங்கினா, நீங்களா சொல்லணும். நீங்க சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன் டாக்டர்."

"போன வாரம் சொல்லல. உங்க அம்மாதான் சொன்னாங்க." ஒரு தாளை எடுத்து அம்மா பக்கம் தள்ளினார். "கூட இருந்து பார்த்துக்கிறவங்க கையெழுத்துப் போடணும். நீங்க போட்டா தேதி தரேன். இல்லேன்னா தர மாட்டேன்."

கிலோ அம்மா பக்கம் திரும்பவில்லை. எட்டு மாத நடை, மழைக்கோட்டு, அளந்து போட்ட சோறு எல்லாம் இப்போது அந்தத் தாளில் வந்து நின்றது. கெஞ்சலாம். ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது, அதனால் திறக்கவில்லை.

அம்மா தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு இதுல இஷ்டமில்ல டாக்டர்."

"தெரியும்."

"இஷ்டமில்லைன்னு இதுலயே எழுதலாமா?"

டாக்டரம்மா பேனாவை எடுத்து நீட்டினார். "எழுதுங்க."

அம்மா பேனாவை வாங்கி மேஜையில் குனிந்துகொண்டாள். எழுத வெகுநேரம் ஆனது. முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுத் தாளை டாக்டரிடம் கொடுக்காமல் அவனிடம் நீட்டினாள்.

எனக்கு இதில் இஷ்டமில்லை. ராப்பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொள்வேன். இவன் எதை மறைத்தாலும் உடனே உங்களிடம் சொல்லிவிடுவேன்.