அம்மா படித்த எல்.கே.ஜி.

நானும் அம்மாவும் ஒரே வருடத்தில்தான் எல்.கே.ஜி.யில் சேர்ந்தோம். அப்பா சேர்த்தது என்னை மட்டும். அம்மா தானாக வந்து சேர்ந்துகொண்டாள்.

அப்பாவுக்கு ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் கன்னடம் பேசுகிற பொம்மனஹள்ளிக்கு வந்திருந்தோம். மெட்ரோத் தூண்கள் முளைக்காத காலம் அது. சந்துக்குள் ஒற்றை அறை வீடு. நாலு வீடு தள்ளி, ஒரு மாடியில் தகரக் கூரை போட்ட சின்ன நர்சரிப் பள்ளி.

சேர்க்கப் போன அன்றே மிஸ் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். எழுத்தெல்லாம் மெதுவாக வரட்டும், அவசரமில்லை. முதலில் பிள்ளை அம்மாவை விட்டு உட்காரப் பழக வேண்டும். இடித்துத் தள்ளாமல் வரிசையில் நிற்க வேண்டும். டப்பாவில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளைக்கும் கொடுத்துச் சாப்பிட வேண்டும். முக்கியமாக, தனக்கு வேண்டியதை வாயைத் திறந்து கேட்க வேண்டும். இதற்கெல்லாமா ஒரு பள்ளிக்கூடம் என்று அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முதல் நாள் நான் அழவில்லை. அம்மாதான் அழுதாள். வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடப் படிக்கட்டிலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் மிஸ் வெளியே எட்டிப் பார்த்து, "ஒளகெ பன்னி" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அம்மாவின் முகம் இருண்டுவிட்டது. அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் புகார் போய்விட்டது.

"அந்த மிஸ்ஸு என்னப் பாத்துப் பன்னின்னு சொல்றாங்க. அதுவும் சிரிச்சிக்கிட்டே."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏய், 'உள்ள வாங்க'ன்னு மரியாதையாக் கூப்புட்டிருக்காங்கடி!"

அடுத்த நாளிலிருந்து அம்மா உள்ளே வந்துவிட்டாள். கடைசிச் சுவரோரம், பாயில், எங்களைப் போலவே காலை மடித்து உட்காருவாள். மிஸ் சிவப்புத் தாளைக் காட்டி "கெம்பு" என்றால் நாங்கள் கூரை அதிரக் "கெம்பு" என்போம். அம்மாவின் உதடு மட்டும் அசையும். கை கழுவப் போகும்போது ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். வரிசையின் கடைசியில் அம்மா குனிந்தபடி வருவாள். ஒரு பையன் தன் டப்பாவிலிருந்து ஒரு கை சித்ரான்னத்தை அள்ளி அவள் கையில் வைத்தபோது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் என் இட்லியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டாள்.

இருந்தாலும் வகுப்பிலேயே மக்கு அம்மாதான் என்பது என் முடிவு. கேள்வி கேட்டால் ஒருநாளும் கை தூக்கமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் அவளைக் கண்டிப்பேன்.

"வாயத் தொறந்து சொல்லும்மா."

"தப்பாச் சொல்லிட்டா சிரிப்பாங்கடி."

"மிஸ் சிரிக்கமாட்டாங்க. 'ஜாண மரி'ன்னு சொல்வாங்க."

சமர்த்துக் குட்டி என்று அர்த்தம். எனக்கு அந்தப் பட்டம் தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் சந்துக்குச் சனிக்கிழமை காலையில்தான் தண்ணீர் லாரி வரும். லாரி நிற்பதற்குள் எல்லாக் குடங்களும் குழாயின் மேல் விழும். அம்மா ஓரமாக நிற்பாள்; கடைசியில் வழிகிற தண்ணீர்தான் எங்களுக்கு. முந்தின வாரம் அதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அரைக்குடத் தண்ணீரை வைத்துக்கொண்டு குளிப்பதா, சோறாக்குவதா என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

அந்தச் சனிக்கிழமை அம்மா முன்னாடியே போய் நின்றாள். லாரி வந்தது. பின்னாலிருந்து வந்த கூட்டம் இடித்ததில் அவள் குடம் கையைவிட்டு நழுவி உருண்டது. நான் சேற்றில் விழுந்து வீறிட்டேன். அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு, மிஸ் செய்வதைப் போலவே இரண்டு தடவை கையைத் தட்டினாள்.

"எல்லாரூ லைன்ல நிந்த்கொள்ளி! தள்ளபாரது!"

எல்லோரும் வரிசையில் நில்லுங்கள், தள்ளக் கூடாது. குரல், இழுப்பு, கடைசியில் ஒரு அதட்டல், எல்லாமே அச்சு அசல் மிஸ்தான். சந்து அப்படியே நின்றுபோனது. லாரிக்காரர் குழாயைப் பிடித்தபடி வாயைப் பிளந்தார். எனக்கு மட்டும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஓடிப்போய் முன்னால் நின்ற ஒரு பருத்த அம்மாளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரம்மா ஈ மிஸ்ஸு?" என்று, யார் இந்த மிஸ் என்கிற மாதிரி, அந்த அம்மாள் திரும்பிக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எனக்குப் பின்னால் ஒருத்தி வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை வளர்ந்துவிட்டது.

அம்மாவுக்கோ நிறுத்தத் தெரியவில்லை. அவளிடம் இருந்த கன்னடம் முழுவதும் வகுப்பறைக் கன்னடம்தானே. அந்தப் பருத்த அம்மாளைப் பார்த்து, மிகுந்த பிரியத்தோடு, "ஜாண மரி" என்றாள்.

பேத்தி எடுத்த அந்த அம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாரிக்காரர் சிரித்ததில் குழாய் ஆடி எல்லோரும் நனைந்தார்கள். அன்று எங்கள் இரண்டு குடங்களும் கழுத்து வரைக்கும் நிரம்பின.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள் நல்ல தமிழில் கேட்டாள். "ஏம்மா, கிருஷ்ணகிரிப் பக்கமா நீ? இத்தினி நாளா வாயத் தொறக்கக் கூடாதா? இந்த சந்துல பாதிப்பேரு நம்மாளுங்கதான்."

அம்மா ஈரப் புடவையோடு நின்று அவளிடம் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். நான் பசிக்கிறது என்று முந்தானையை இழுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அம்மா என்னைப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டாள். அங்கே அந்தப் பருத்த அம்மாள் கையில் பையோடு காத்திருந்தாள். இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் பேசிக்கொண்டே நடந்தார்கள். அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பில் நான் ஓவென்று அழுதேன். மிஸ் மடியில் உட்கார வைத்து, "அம்மா பேக்கா?" என்று தேற்றினார். எனக்கு அம்மா வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது நியாயம். ஒரு தடவைகூடக் கை தூக்காத அம்மாவை மட்டும் எப்படிப் பாஸ் போட்டீர்கள் என்று கேட்டேன். மிஸ் முதலில் விழித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பயந்துவிடக் கூடாதே என்றுதான் அம்மா அத்தனை நாளும் எனக்குத் துணையாக வகுப்பில் உட்கார்ந்திருந்தாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா வேலைக்குப் போன பிறகு, ஒரு சொல்லும் விளங்காத ஊரில், அந்த ஒற்றை அறைக்குத் தனியாகத் திரும்பிப் போக யாருக்குப் பயமாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.