ஆர்ன்ஃபின் கொடுத்த சிப்பி ஜாடி

பெட்ரோல் பங்குக் கடையில் வேலை செய்யும் ரன்வெய்க், எனக்கான சாசேஜ் மேல் கடுகுச் சாஸ் பிழிந்துகொண்டே அதைச் சொன்னாள். அவளுக்குச் சொன்னது அவள் கணவனின் தங்கை. தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் யாரோ சொன்னார்களாம்.

“உங்க ஆர்ன்ஃபினோட சிப்பியத் தின்ன ஒருத்தன் ஆஸ்பத்திரியில கிடக்கானாம். உதடு அசையலையாம். சொந்தப் பேரைக்கூடச் சொல்ல முடியலையாம்.”

“எங்க ஆர்ன்ஃபினா?”

“பின்ன? படகுக் கொட்டகையில வெளியூர்க்காரங்களுக்கு விருந்து போடுற ஆர்ன்ஃபின் ஓலசுண்ட்ல வேற எத்தனை பேரு? நீயும் அங்கதானே தின்னுற, பாத்துக்க.”

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் காரில் உட்கார்ந்ததும் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். உதடு உதடாகத்தான் இருந்தது.

ஆர்ன்ஃபின் முன்பு நகரப் பேருந்து ஓட்டியவர். முதுகு போன பிறகு வார இறுதி விருந்தை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் வந்து இறங்குவார்கள். சனிக்கிழமை மழையிலேயே அவர்களை ஊர் முழுக்க நடத்திக் கூட்டிப்போவார். வீட்டு முகப்புகளில் இருக்கும் கல் பூக்களையும் கோபுரங்களையும் காட்டி, இந்த ஊர் ஒரே ராத்திரியில் எரிந்த கதையைத் தன் சட்டையே கருகிப்போனது மாதிரி சொல்வார். அது அவருடைய தாத்தா காலத்துத் தீ. மத்தியானம் உப்புக் கருவாட்டையும் உருளைக்கிழங்கையும் தக்காளியில் வேகவைத்துப் போடுவார். கிழங்கு உரிப்பது நான். மிளகாயை எவ்வளவு போடுவது என்பதில் எங்களுக்குள் வாராவாரம் சண்டை. சாயங்காலம் எல்லோரும் ஈரச் செருப்போடு தேவாலயத்தில் சேர்ந்திசை கேட்பார்கள். திரும்பி வந்ததும் பெரிய பானையில் சிப்பி.

சிப்பி விஷயத்தில் மட்டும் அவர் கறார். தன் படகுத்துறைக் கால்களில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதை விருந்தாளிக்கு வைக்கவே மாட்டார். வசந்தத்தில் கடலில் நச்சுப் பாசி பெருகும். அதைத் தின்ற சிப்பியும் நஞ்சாகிவிடும். ஆகவே மீன்கடையில், பரிசோதித்து விற்பதைத்தான் வாங்குவார். “என் வயிறு என் பொறுப்பு, விருந்தாளி வயிறு ஊர்ப் பொறுப்பு” என்பார்.

அந்தத் தைரியத்தில்தான் ரன்வெய்க் சொன்னதை வேடிக்கையாக அவரிடம் சொல்லப் போனேன். கொட்டகையில் பானைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க சிப்பி ஆளை முடக்கிடுச்சாம், ரன்வெய்க் சொல்றா. பெட்ரோல் பங்கு முழுக்க இதே பேச்சு.”

துணி பானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“எந்தச் சிப்பின்னு சொன்னா?”

“வதந்தியில அதெல்லாம் எங்க இருக்கும்? நேத்து வச்சது கடைச் சிப்பிதானே. நாம எல்லாரும் தின்னோம், நல்லாத்தானே இருக்கோம்?”

கவிழ்த்து வைத்திருந்த மீன்பெட்டியில் மெல்ல உட்கார்ந்தார். “கடைச் சிப்பி நேத்தே தீந்துபோச்சு” என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். விருந்தாளிகளில் சிக்ரூன் என்று ஓர் அம்மாள், கணவர் ஹால்வரோடு ஹாமாரிலிருந்து வந்திருந்தாள். கடலே இல்லாத ஊர். முந்தின நாள்தான் முதன்முதலாகச் சிப்பி தின்றாள். வெறும் சிப்பி ஓடு ஒன்றைக் கரண்டியாக்கிச் சாறு முழுவதையும் குடித்தாள். காலையில் விடைபெற வந்தவள், தீவில் இருக்கும் தம்பியின் விடுமுறைக் குடிசைக்குப் படகில் போவதாகவும், அங்கே மத்தியானச் சாப்பாடு என்றும் சொல்லியிருக்கிறாள். அடுத்தவர் குடிசைக்கு வெறுங்கையோடு போக இங்கே யாருக்கும் மனம் வராது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. ‘கொஞ்சம் சிப்பி மிஞ்சியிருக்கா?’ என்று கேட்டிருக்கிறாள்.

“இல்லைன்னு எப்படிச் சொல்றது? ஆசையாக் கேட்டா. துறைக்கு அடியில கைய விட்டேன். அவிச்சு, வெண்ணெய் போட்டு, ஜாடியில அடைச்சுக் குடுத்தேன்.”

“நச்சுப் பாசி எச்சரிக்கை வரைபடத்தைப் பாத்தீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்? பொறந்ததுலேருந்து அந்தத் துறையிலதான் தின்னுறேன்!”

“கடைசியா எப்பத் தின்னீங்க?”

யோசித்தார். “கிறிஸ்துமஸுக்கு முன்னாடி.”

என் போனில் அந்த வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் கடற்கழி முழுக்கச் சிவப்பு. வெள்ளிக்கிழமையிலிருந்தே சிவப்பு. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மணமும் தெரியாது, ருசியும் மாறாது. முதலில் உதடு மரத்துப்போகும், அப்புறம் விரல், அப்புறம் மூச்சு. இதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்ரூனின் எண்ணுக்கு அழைத்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தார். ஹால்வரின் எண் எங்களிடம் இல்லை.

“நடக்கப் போயிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை யாரு வீட்டுக்குள்ள இருப்பா? நடந்துட்டு வந்துதான் சாப்பிடுவாங்க” என்றார்.

“மழை பெய்யுது.”

“மழைக்கு யாரு நிப்பா?”

அது உண்மைதான். அந்த உண்மையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்க, ஆர்ன்ஃபின்.”

“ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா? அப்புறம் இந்தக் கொட்டகைக்கு ஒருத்தன் வருவானா? நானே விஷம் வச்சேன்னு நானே சொல்லிக்கணுமா?”

“ரன்வெய்க் அதை ஏற்கனவே கடுகு தடவி வித்துக்கிட்டு இருக்கா.”

அவர் வாயோரம் கொஞ்சம் துடித்தது. சிரிப்பு வரவில்லை. அழைத்தார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல் பேசியது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. உங்கள் கரையிலேயே இன்னும் தள்ளிச் சிப்பி பறித்துத் தின்ற ஒருவரை நேற்றிரவே சேர்த்திருக்கிறோம், இப்போது இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விடுகிறது என்றாள். ஆக, ரன்வெய்க்கின் வதந்தியில் பெயர் மட்டும்தான் தப்பு.

“எந்தக் குடிசை?” என்று கேட்டாள்.

“தெரியாது. தீவு தெரியும்.”

“தம்பி பேரு?”

“கேக்கலைங்க.”

“அந்தத் தீவுல நூறு குடிசைக்கு மேல இருக்கு.”

“கேக்கலை” என்று மறுபடியும் சொன்னார், யாரோ அடித்த மாதிரி. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே போகிறாய், யார் வீடு என்று துருவுவது மரியாதையில்லை. இரண்டு நாள் அவள் தட்டை நிரப்பியவருக்கு அவள் தம்பி பேர் தெரியாது.

தீவிலிருக்கும் செவிலியை அனுப்புகிறோம், அவர் குடிசை குடிசையாகத் தட்டிப் பார்ப்பார், நீங்கள் விடாமல் அழைத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் போய்விட்டது.

ஆர்ன்ஃபின் போனை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. அது ஒரு பையின் அடியில் அடிக்கிறதா, ஆணியில் தொங்கும் கோட்டுக்குள் அடிக்கிறதா, சாப்பாட்டு மேசையிலேயே அடிக்கிறதா, எங்களுக்கு எப்படித் தெரியும்?

“எடு, சிக்ரூன்” என்றார் மெதுவாக. பிறகு போன்மேல் குனிந்து, அது ஏதோ காது மாதிரி, அதற்குள்ளேயே சொன்னார்: “மூடியத் திறக்காத. வெறுங்கையோடயே போனாப் பரவாயில்லம்மா. திறக்காத.”

மணி ஓய்ந்தது. அவர் விரல் எண்ணில் சரியாகப் படவில்லை. நான் அழுத்திக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.