மூன்றாம் மாடி மல்யுத்தக்காரி

சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் நாங்கள் முதலில் குடியிருந்த கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஒன்றுதான். அது நிலவறையில் இருந்தது. யாருக்கு எந்த நாள் என்று ஒரு அட்டவணை கதவில் ஒட்டியிருக்கும். எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் இன்னும் இரண்டு வாரம் அழுக்கு உடுப்போடு காத்திருக்க வேண்டியதுதான். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். வியாழன் எனக்கு ஓய்வு நாள். பெயர்தான் ஓய்வு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு தை மாத வியாழக்கிழமை. கூடையைச் சுமந்துகொண்டு கீழே இறங்கினால், யாரோ என் முறையில் இயந்திரத்தைப் போட்டிருக்கிறார்கள். கொடியில், வெள்ளிப் பொட்டுகள் தைத்த சிவப்பு நீச்சல் உடுப்பு மாதிரி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே முழங்கால் உயரத்துக்கு வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி. சர்க்கஸ்காரர் யாரோ குடிவந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மூலையில் நிலத்தில் உட்கார்ந்து ஒரு பெண் அப்பிள் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். எழுந்தாள் எழுந்தாள், எழுந்துகொண்டே இருந்தாள். அவ்வளவு உயரம். தோள்கள் கதவை அடைக்கும். முகம் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். இருபத்திரண்டு வயது என்று பிறகு சொன்னாள்.

நான் அட்டவணையைக் காட்டி, தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் அவள்மேல் கொட்டினேன். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். மட்டக்களப்பில் படித்த பள்ளிக்கூட இங்கிலீசு என்னிடமும் கொஞ்சம் இருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் அந்த இங்கிலீசில்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் பேச்சு என் மனதில் எங்கள் ஊர்த் தமிழாகவே மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"மன்னிச்சிருங்க. எனக்கு அந்த அட்டவணை விளங்கல்ல. நேத்துத்தான் வந்தன்."

"இது என்ன உடுப்பு?"

"என்ட வேலை உடுப்பு. நான் மல்யுத்தம் செய்யிறன்."

தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு முறை கேட்டேன். அவள், நான் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்த கூடையை ஒற்றைக் கையால் எடுத்து மேசையில் வைத்தாள். நம்பிவிட்டேன்.

மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை மல்யுத்தக் காட்சி நடத்தும் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி அமெரிக்காவிலிருந்து வந்த இவள். மற்றவர் நாற்பதைத் தாண்டிய ஓர் இங்கிலாந்துக்காரி, அந்தக் குழுவின் வெற்றிவீராங்கனை. சனி, ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய் விளையாட்டு மண்டபங்களில் சண்டை போடுவார்கள். அமெரிக்கப் பிள்ளைக்கு மூன்று மாத வேலை அனுமதி.

"உங்களுக்கு எத்தனை மாசம்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு அப்போது எஃப் அனுமதி, அகதிகளுக்குத் தரும் தற்காலிக அனுமதி. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியாது. ஒரு வருடம் என்றேன்.

"அப்ப நீங்க என்னவிடப் பெரிய ஆள்" என்றாள்.

அமெரிக்கர் ஒருவரைவிட எதிலாவது நான் பெரிய ஆளாக இருந்தது அதுதான் முதல் தடவை. கோபம் போய்விட்டது. என் வியாழக்கிழமையில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

அப்படித்தான் அவள் கதை துண்டு துண்டாக எனக்குத் தெரிய வந்தது. சோளக்காடும் வானமும் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் பிறந்தவள். தகப்பன் லொறி ஓட்டுகிறவர். பதினைந்து வயதில் ஊர்ச் சந்தையில் இரண்டு பெண்கள் மல்யுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து வேறு எண்ணமில்லை. படிப்பு முடிந்ததும் முன்பு சரக்கு வைத்த ஒரு பழைய கிட்டங்கியில் நடந்த பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் விழுவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். பலகையில் விழுவது, முதுகால் விழுவது, ஒருவர் தூக்கிப்போட விழுவது.

"அமெரிக்காவில பொம்பிளையளுக்குச் சண்டை குறைவு. அதான் இஞ்ச வந்தன். இஞ்ச ஒவ்வொரு கிழமையும் எனக்குச் சண்டை இருக்கு."

"வெல்லுவியா?"

"இல்ல அக்கா. தோக்கிறதுக்குத்தான் என்னக் கூப்பிட்டவங்க."

யார் வெல்வது என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அவளுக்காக எனக்கே கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, வாரா வாரம் தோற்கிறதா? அவள் சிரித்தாள். அவள் தோற்கும் விதத்தில்தான் மற்றவளின் வெற்றி அழகாகும் என்றாள். அதோடு மேடையில் அவள்தான் கெட்டவள். வாயில் சூயிங்கம் மென்றுகொண்டு, சனங்களைப் பார்த்து நாக்கை நீட்டுகிற திமிர் பிடித்த அமெரிக்கக்காரி. நிலவறைப் படியில் யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுகிற பிள்ளை அவள்.

முந்தைய குளிர்காலத்தில் நான் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்திருந்தேன். அதிலிருந்து வெளியே இறங்கினால் தாரா வாத்து மாதிரித்தான் நடப்பேன். ஒரு நாள் அவள் சன்னலால் அதைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, உங்களுக்கு விழத் தெரியாது. அதான் பயப்படுறீங்க."

தோய்க்க வைத்திருந்த போர்வைகளை நிலத்தில் விரித்தாள். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு சேர்க்கச் சொன்னாள். கையை ஊன்றக் கூடாது, உடம்பை உருட்டிக்கொண்டு போக வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். நான் சேலை கட்டுவதில்லை, ஆனாலும் வெட்கமாக இருந்தது. ஐந்தாம் தடவை விழும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் முடித்த பொம்பிளை இப்படிப் போர்வையில் புரளுகிறேனே என்று. இருவரும் சிரித்த சத்தத்தில் கட்டடப் பொறுப்பாளர் வந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நாளே கதவில் புதிய அறிவிப்பு: இந்த அறையில் உடற்பயிற்சி செய்யக் கூடாது. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும்.

மாசி மாதம், பஸ் தரிப்பிடத்தில், வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்க நான் வழுக்கினேன். நாடி தானாக நெஞ்சுக்குப் போனது. உருண்டு எழும்பி நின்றேன். கீறல்கூட இல்லை. ஒரு கிழவர் கைதட்டினார். அன்று வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் மாடிக்கு ஏறி அவளிடம் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்து, நான் ஏதோ பட்டம் வென்றதுபோல என் கையை உயர்த்திப் பிடித்தாள்.

சோலோதுர்னில் ஒரு ஞாயிறு மத்தியானம் சண்டை இருந்தது. எனக்கும் என் கணவருக்கும் சீட்டுத் தந்தாள். அவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்கச் சின்னச் சின்னச் சக்கரங்களை இடுக்கியால் பிடித்து வைத்து, எதையும் ஆராய்ந்து பார்த்தே பழகிவிட்டவர். "எல்லாம் பொய்ச் சண்டை புள்ள. அதுக்குப் போய் ஒரு ஞாயித்துக்கிழமய வீணாக்கிறதா?" என்று ரயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

மண்டபம் நிறையச் சனம். பொரித்த சொசேஜும் கடுகும் மணந்தது. அவள் அந்தச் சிவப்பு உடுப்போடு வந்ததும் எல்லோரும் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் முத்துமாலை போட்ட ஒரு சுவிஸ் மூதாட்டி. மடியில் பின்னல் பை. கோவிலுக்கு வந்தவர் மாதிரி அமைதியாக இருந்தவர் திடீரென்று எழுந்து கத்தினார்.

"வீட்டுக்குப் போ! உன்ட நாட்டுக்குப் போ!"

அந்தச் சொல்லை நான் வேறு இடங்களில் கேட்டிருக்கிறேன். விளையாட்டுக்குத்தான் கத்துகிறார் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் நானும் எழுந்துவிட்டேன்.

"அவள் உனக்கு என்ன செஞ்சவள்? ஏன் போகணும்?" என்று தமிழில் கத்தினேன்.

திரும்பிப் பார்த்தால், பொய்ச் சண்டை என்ற என் மனிதர் கதிரைமேல் ஏறி நிற்கிறார். "விடாத தங்கச்சி! காலப் பிடி, காலப் பிடி!"

அவள் அழகாக விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் பலகை அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஊரையே கூட்டுகிற மாதிரி அலறினாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கடைசியில் அந்த இங்கிலாந்துக்காரி அவளைத் தோளுக்குமேல் தூக்கிப் போட்டார். விழுந்தாள். அலறவில்லை.

அவள் எனக்கு ஒருமுறை சொல்லியிருந்தாள்: "நான் கத்தினா ஒண்டுமில்ல. கத்தாட்டித்தான் நீங்க பயப்படணும்."

"இஞ்ச பாருங்க, அவளுக்கு நெசமா அடிபட்டிட்டு" என்றேன்.

நடுவர் மூன்று எண்ணி முடித்தார். அதற்குள் எழும்பாதவர் தோற்றவர். சனம் ஆரவாரித்தது. அவள் ஒரு கையை மறு கையால் தாங்கிக்கொண்டு எழுந்து, அந்த நிலையிலும் சனத்தைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டு நடந்து போனாள். முத்துமாலை மூதாட்டிக்கும் ஏதோ விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, "பிள்ளைக்கு அடிபட்டுட்டுதோ?" என்று கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

நாங்கள் திரைக்குப் பின்னால் ஓடினோம். தோள் மூட்டு விலகிவிட்டது. அவள் வாங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிலத்தில் முழங்காலிட்டு, அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி, அழுதுகொண்டிருந்தவர் வென்றவர்தான்.

வைத்தியசாலையில் மூட்டைச் சரிசெய்து, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். குழு லோசானுக்குப் போய்விட்டது. அவள் மூன்றாம் மாடியில் தனியே இருந்தாள். அவள் உடுப்பை நான் தோய்த்தேன். தலையை வாரி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். பின்னேரங்களில் எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். இடியப்பமும் சொதியும் என்றால் எண்ணிக்கை இல்லை. ஒரு கையால் சாப்பிடுகிற சாப்பாட்டைக் கண்டுபிடித்த சனம் புத்திசாலிகள் என்பாள்.

கட்டு அவிழ்த்த பிறகு, என் கணவர் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கதவுப் பிடியில் கட்டி, வைத்தியர் சொன்ன பயிற்சியைச் செய்யவைத்தார். தமிழில் எண்ணுவார். அவளும் சேர்ந்து எண்ணுவாள். மூன்று வந்ததும் நிறுத்திவிட்டு, "நான் தோத்திட்டன்" என்பாள்.

"இருவது வரைக்கும் எண்ணணும் தங்கச்சி. இஞ்ச நடுவர் நான்."

ஆனால் ஒரு வியாழக்கிழமை நிலவறையில் உட்கார்ந்து அழுதாள். தாய் தொலைபேசியில் ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறார். தானியக் கிட்டங்கி ஒன்றில் எழுத்து வேலை இருக்கிறதாம். நான் அவள் தாய் பக்கம்தான் நின்றேன். "போ புள்ள. ஆரும் உன்னத் தூக்கிப் போடாத வேலையொண்டப் பாரு" என்றேன். தலையாட்டினாள். பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள், படியில் ஏறும்போது நிலவறையிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. என் புத்திமதியை அவள் கேட்கவில்லை என்று விளங்கியது. மேலே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கீழே வந்தேன். அறிவிப்பு ஒட்டிய கதவைச் சாத்திவிட்டு, போர்வைமேல் நல்ல தோள் பக்கமாக விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, எனக்கு இது பிடிச்சிருக்கு. வேற காரணம் இல்ல."

அது போதும் என்று எனக்கும் பட்டது.

சித்திரையில் புறப்பட்டாள். பீல் ஸ்டேஷன் மேடையில் எல்லோர் முன்னாலும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். நான் போட்ட கூச்சலில் ரயில் பணியாளர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு தபாலட்டைகள் வந்தன. யப்பானிலிருந்து, மெக்சிக்கோவிலிருந்து, பெயர் வாசிக்கத் தெரியாத அமெரிக்கச் சின்ன ஊர்களிலிருந்து. பெரும்பாலும் ஒரே செய்தி: தோத்தன், நல்லாத் தோத்தன். ஒன்றில் மட்டும் புகைப்படம் இருந்தது. இடுப்பில் பெரிய பித்தளைத் தகடு வைத்த வெற்றிவீராங்கனைப் பட்டி. என் கணவர் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

தொண்ணூறுகள் முடியும் முன் ஒரு முறை சூரிச்சுக்கு வந்தவள், ஒரு நாள் பகலில் ரயில் ஏறி எங்களைப் பார்க்க வந்தாள். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவ்வளவு பெரிய ஆளைக் கண்டு முதலில் ஒளிந்தவள், கொஞ்ச நேரத்தில் அவள் தோளில் இருந்தாள். எங்கள் மல்யுத்தக்காரி முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்தாள். நடை கொஞ்சம் மாறியிருந்தது. இதுதான் கடைசிப் பயணம், இனித் தான் படித்த அதே கிட்டங்கியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"அந்தப் பட்டி எங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"பதினொரு நாள்தான் அண்ணன் வச்சிருந்தன். மறுகா ஒரு சின்னப் புள்ளக்கிட்டத் தோத்திட்டன்."

"கவலையா?"

"இல்ல. அவள் அழகா வெண்டாள். நான் நல்லா விழுந்தன்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எதைச் சொல்லும்போதும் பார்த்ததில்லை.

சாப்பிட்டபின் சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கால்கள் இரண்டும் கைப்பிடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மகள் தன் சின்னப் போர்வையைக் கொண்டுவந்து அந்தக் கால்களில் போட்டாள். ரயிலுக்கு நேரமாகிறது, எழுப்பு என்று அவர் என்னிடம் சொன்னார். நீங்களே எழுப்புங்க என்று நான் சொன்னேன். இருவருக்கும் மனம் வரவில்லை. அவள் அடுத்த ரயிலில் போனாள்.