சனிக்கிழமை மனப்பாடம்

எங்கள் மூவரில் பார்வை மங்கிக்கொண்டிருந்தது அவருக்கு. தூக்கம் கெட்டது எனக்கு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் போனது.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காரைக்குடியில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு விவிலியத்திலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர். அந்தக் கணீர்க் குரலுக்காகவே முன்னால் வந்து உட்காருகிறவர்கள் உண்டு. நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர்; அவரைவிட ஏழெட்டு வயது இளையவன். மூன்றாமவர் கல்லலில் விவசாயம் பார்ப்பவர். எங்கள் கோயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தலைமையாசிரியரோடு ஒரே வகுப்பில் படித்தவர். சந்தை நாளில் ரயிலேறி வந்து, வேலை முடிந்ததும் செக்காலை ரோட்டு டீக்கடையில் எங்களோடு உட்காருவார். பேச்சு உடம்பிலிருந்துதான் தொடங்கும். அவருடைய முழங்கால், என் ரத்தக் கொதிப்பு, தலைமையாசிரியரின் சர்க்கரை. அது முடிந்தால் மகன்கள், மருமகள்கள், இன்னும் வரன் அமையாத என் மகள். யாரும் யாருக்கும் வழி சொல்வதில்லை. கேட்டுக்கொள்வோம். வீடு திரும்பும்போது பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மழை தொடங்கிய சமயம், ஒரு சந்தை நாளில், தலைமையாசிரியர் பக்கத்தில் இருந்தவரின் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டார்.

"ஏய்யா வாத்தியாரே, அது அவுக டீ," என்றார் கல்லல்காரர். "சர்க்கரைக்காரனுக்கு அடுத்தவன் கிளாஸுதான் இனிக்குமோ?"

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. கிளாஸைத் திரும்ப வைக்க மேசையைக் கையால் தடவி இடம் தேடினார். அதை நாங்கள் இருவருமே பார்த்துவிட்டோம்.

அன்றைக்குத்தான் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண்ணில் ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி அடியோடு பார்வை போய்விடும், அப்புறம் ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லியே பல மாதம் ஆகியிருந்தது.

"அப்ப போக வேண்டியதுதானே?" என்றார் கல்லல்காரர்.

"எங்க அண்ணன் போனாரு. போகயில கொஞ்சமாச்சும் தெரிஞ்சுச்சு. வரயில கையப் பிடிச்சுக் கூட்டியாந்தோம்."

"அது எந்தக் காலம்? இப்பத்தான் கண்ணுக்குள்ளயே கண்ணாடி வைக்கிறாகளாமே."

"நீ வேணா உன் கண்ணுல வச்சுக்க."

வீட்டம்மாவிடம் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் சென்னையில் இருக்கும் மகன்களுக்கு உடனே போன் போகும், அவர்கள் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள். கிறிஸ்துமஸ் முடியட்டும், தானே போவதாகச் சொன்னார். அவர் எதற்கும் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதனால் தலையாட்டிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எப்படி வாசிக்கிறீக?" என்று கேட்டேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பெரிய பல்புக்கு அடியில் முன்கூட்டியே படித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாராம். இப்போது அதற்கும் கண் ஒத்துழைக்கவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாயேன்யா," என்றார்.

அப்படித் தொடங்கியது. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் வாசகத்தை ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். அவர் திருப்பிச் சொல்வார். தமிழாசிரியராகவே வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் வரிகள் சீக்கிரம் பிடிபட்டன. ஊர்ப் பெயர்கள் அடுக்கடுக்காக வரும் வாசகம் என்றால் மட்டும் சலித்துக்கொள்வார். "இவுகளுக்கெல்லாம் வேற ஊரே கிடைக்கலயா?"

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சோதனை. அவர் மேடையேறுவார், கண்ணாடியைச் சரிசெய்வார், புத்தகத்தின் மேல் விரல் வைப்பார், வரிக்கு வரி தலையை அசைத்துக்கொண்டே சொல்லி முடிப்பார். ஒரு முறை மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை, வேறு பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு சரியான வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குச்சாமியார் கண் மூடியிருந்ததால் தப்பித்தோம். தலைமையாசிரியர் மேடையிலிருந்து இறங்கும் படியையும் நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூசையில் என் மனம் ஒன்றிய நாளே கிடையாது.

கிறிஸ்துமசுக்கு முந்திய ஒரு ஞாயிறு. மணியடிக்கச் சற்று முன்பு கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வேகமாக வந்தார்.

"சார், கான்வென்ட் மதருக்கு இன்னைக்கு ஜூபிலியாம். முதல் வாசகம் அவுக வாசிக்கட்டும்னு சாமி சொல்லிட்டாக. நீங்க ரெண்டாவது வாசிச்சிருங்க."

"சரி," என்றார் அவர்.

நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். "தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லுங்க சார்."

"கோயில் வாசல்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?"

மணி அடித்துவிட்டது.

மதர் முதல் வாசகத்தை மெல்லிய குரலில் வாசித்தார். அது சனிக்கிழமை நாங்கள் படித்த வாசகம். பதிலுரைப் பாடல் முடிந்தது. தலைமையாசிரியர் எழுந்து போனார். கண்ணாடியைச் சரிசெய்தார். புத்தகத்தை நோக்கிக் குனிந்தார், இன்னும் குனிந்தார். மூக்கு தாளைத் தொட்டுவிடும் போலிருந்தது. கோயிலில் யாரோ இருமினார்கள். ஓடிப்போய் நானே வாசித்துவிடலாமா என்று எழப்போனேன். அவர் நிமிர்ந்தார். அந்தக் கணீர்க் குரலில், மதர் வாசித்த அதே வாசகத்தை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

பங்குச்சாமியார் கண்ணைத் திறந்து பார்த்தார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் சிலர் சிரித்தார்கள். தலைமையாசிரியரின் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். வாசகம் முடிந்ததும் பழக்கத்தில் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் கிண்டல் காத்திருந்தது.

"என்ன சார், மதர் வாசிச்சது பத்தலயா?"

"ரெண்டு தரம் கேட்டா ரெட்டைப் புண்ணியம்யா," என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டில் அவருடைய மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் நின்றார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. இவுகளுக்குக் கண்ணு எவ்வளவு தெரியுது?"

நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை.

"சனிக்கிழமை கதவச் சாத்திக்கிட்டு ஜெபமா பண்ணீக? மாடிப்படில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கே பாதி வாசகம் மனப்பாடம் ஆயிருச்சு. அவுக வாயால சொல்லட்டும்னு பாத்தா, ஊரே சிரிக்கிற வரைக்கும் கொண்டுபோய் விட்டீக ரெண்டு பேரும்."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி இருந்தார். அண்ணன் பேச்சை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"எப்பப் போறது?" என்று கேட்டார். பிறகு, "கல்லல்காரனுக்கும் சொல்லிவிடு. அவன் வராம நான் பஸ் ஏற மாட்டேன்."

மதுரையில் டாக்டர் சோதித்துவிட்டு அவரைக் கடுமையாகத்தான் பேசினார். இடது கண்ணுக்கு இப்போது எந்த உறுதியும் தர முடியாது. வலது கண்ணை முதலில் செய்யலாம். அதிலும் அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியும். அவர் தலையைத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், "அவரு என்னய்யா சொன்னாரு?" என்று கேட்டார். ஒரு சொல்கூட அவர் காதில் ஏறியிருக்கவில்லை. நான் பாதியைத்தான் சொன்னேன்.

அவரை உள்ளே கூட்டிப்போன பிறகு நாங்கள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் மனைவி செபமாலை உருட்டினார். கல்லல்காரர் தேய்ந்த முழங்காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்.

"உக்காருங்களேன். காலு வலிக்கப்போகுது," என்றேன்.

"வலிச்சாத்தான் வேற நினைப்பு வராம இருக்கு."

நான் வாசித்துக் காட்டியிருக்காவிட்டால் அவர் முன்னாலேயே வந்திருப்பாரோ என்ற நினைப்பு எனக்கு. யாரிடமும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கண்ணோடு அவரை வெளியே கொண்டுவந்தபோது, அவருடைய அண்ணனையும் இப்படித்தானே கொண்டுவந்திருப்பார்கள் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள். அவர் உடனே கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் இரண்டு தரம் சொன்ன பிறகே திறந்தார். கண்ணீர் வழிந்தது. இமைகளைக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு மனைவியை நேராகப் பார்த்தார்.

"மூக்குத்திய மாத்தியிருக்க."

"மாத்தி ரெண்டு வருஷமாச்சு," என்றவர் சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னையப் பாருய்யா," என்று கல்லல்காரர் முன்னால் வந்தார்.

"உனக்கென்ன, பத்தாம் வகுப்புல இருந்த மாதிரியே கருகருன்னுதான் இருக்க."

எல்லோரும் சிரித்தோம். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பார்வை கீழே இறங்கி அங்கேயே நின்றது.

"உன் காலு ஏன்யா வீங்கிருக்கு?"

"பெஞ்சுல உக்காந்தே இருந்தேன்ல சார்."

"ரெண்டு காலுமா? செருப்பு வாரு பதிஞ்சு கிடக்கு. இது ஒரு நாள் வீக்கம் இல்ல. கொதிப்புக்காரனுக்குக் காலுல நீர் கோத்தா சும்மா விடலாமா?"

அவர் குனியப் போனார். குனியவே கூடாது என்று நர்ஸ் அதட்டி நிமிர்த்தினார். ஆனால் அவர் விடவில்லை.

"ஏய், நீ அமுக்கிப் பாருய்யா."

கல்லல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அது மேலேறி நிரம்புகிறதா என்று நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.