பதில் தெரிந்த கேள்வி

அறுபதுகளின் தொடக்கத்தில், தாவரவியல் ஆராய்ச்சி மாணவர்களான நாங்கள் சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடி, அவரவர் ஆய்வைப் பற்றிப் பேசுவோம். எங்களுக்குள் ஒரு பாழாய்ப்போன மரியாதை இருந்தது. சக மாணவன் பேசி முடித்ததும் யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும்; ஆனால் அது அவனுக்குப் பதில் தெரிந்த கேள்வியாக இருக்க வேண்டும். மடக்கிக் கேட்டவனை அப்புறம் யாரும் சாப்பிடக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு வருடம், மலையில் நான் சேகரித்த செடி ஒன்றைப் பற்றிப் பேசினேன். உலர்த்திய கிளையை ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்தார்கள். என் அறைத்தோழன் எழுந்து, அது எந்த உயரத்தில் அதிகம் வளர்கிறது என்று கேட்டான். முன்கூட்டியே பேசி வைத்திருந்த கேள்விதான். மளமளவென்று பதில் சொன்னேன். கைதட்டினார்கள். சாயங்காலம் ஐந்தருவியில் என் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டவனும் அவன்தான்.

மறுவருடம், அந்தச் செடியைப் பற்றிய என் ஆய்வேடு திரும்பி வந்தது. செடியின் பெயரே தவறு, அது வேறு இனம் என்று தேர்வாளர் எழுதியிருந்தார். அத்தனை வருட உழைப்பும் மண்ணாய்ப் போனது.

தென்காசி பஸ் நிலையத்து டீக்கடையில் அறைத்தோழனைப் பிடித்தேன். "ஒனக்கு அன்னைக்கே தெரியுமாலே?"

"இலையப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. எல்லாருக்குந்தான் தெரியும். சபையில வச்சு எப்படிலே கேக்கது?"

"குளிக்கப் போகையில நாம ரெண்டு பேருந்தானலே போனோம்? அப்பச் சொல்லியிருக்கலாம்லா?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"நீ ரொம்ப சந்தோசமா இருந்தலே" என்றான்.