விதைக்கு விட்ட சுரைக்காய்

ஐப்பசி மழை இறங்குவதற்குள் பானுப்ரியா கொல்லையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கத்தரியும் வெண்டையும் கூடைக்குப் போய்விட்டன. விதைக்கு விட்ட ஒரே சுரைக்காய் மட்டும் பந்தலில் தொங்கியது. தேவிகாபுரத்து நாத்தனார் கொடுத்த விதையில் வந்த கொடி அது. அவளிடமும் இப்போது மிச்சமில்லை. முற்றாமல் அறுத்தால் விதை பதராகிவிடும். விட்டுவைத்தால் மழையில் அழுகிவிடும்.

முற்றிய காயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். காதை ஒட்டி வைத்துக் குலுக்கினாள். பக்கத்து வீட்டு விசைத்தறியின் தடதடப்பில் எதுவும் கேட்கவில்லை. கிழக்கே வானம் கறுத்துவிட்டது.

“அண்ணா, சுரைக்கா விதை கலகலக்குதான்னு கேக்கணும், மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்!” என்று சுவரைத் தாண்டிக் கத்தினாள்.

“மழை வந்தா கரண்ட்டு பூடும்மா. ஜல்தியா ஓட்டிகினு இருக்கேன். சுரைக்காகிட்ட அப்புறம் பேசிக்கோ!” என்றார் தறிக்காரர் சிவப்பிரகாசம்.

அவர் அவசரத்திலும் நியாயம் இருந்தது. அவள் அரிவாளைக் காம்பில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். காற்று பந்தலை உலுக்கியது.

சட்டென்று தறி நின்றது. மின்சாரம் போய்விட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குலுக்கினாள். முதலில் காற்றுதான் கேட்டது. மறுபடி குலுக்கியபோது விதைகள் கலகலத்தன. அறுத்து மடியில் அணைத்துக்கொண்டு ஓடினாள். முதல் துளிகள் முதுகில் விழுந்தன.

“நீ வேண்டிகினதுலதான் கரண்ட்டு போச்சு!” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“இந்த விதையில காய்க்கிற மொதக் காய் உங்களுக்குத்தாண்ணா!”