அத்தை வளர்த்த கிடாரி

புஞ்சாக் ஆலாமில் ஒரு தீவனக் கடையைத் தாண்டும்போது புண்ணாக்கு வாசனை வந்தது. கோலா சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில், இப்போது மாடி வீடுகள் நிற்கும் இடத்தில், லய வீடுகளுக்குப் பின்னால் அத்தை புண்ணாக்கை ஊறவைத்துச் செவலை என்ற கிடாரிக்குக் கையாலேயே ஊட்டியது நினைவுக்கு வந்தது. பிள்ளை இல்லையென்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்ட அத்தை, காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த அந்தக் கிடாரியை வளர்த்து, அது பருவத்துக்கு வருமென்று, தினமும் காலையில் வாலைத் தூக்கிக் கண்ணாடி போல் கோழை வழிகிறதா என்று மூன்று வருஷம் பார்த்தாள். வழியவே இல்லை.

கால்நடை டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"கருப்பை வளரவே இல்லம்மா. காளையோட ரெட்டையா பொறந்தா பெரும்பாலும் இப்படித்தான். தாய் வயித்துலயே ஆனது."

"அப்ப அவ மேல குத்தம் இல்லதானே, டாக்டர்?"

"யார் மேலயும் இல்லம்மா."

அதை அத்தை அப்பாவிடம் நாலைந்து தரம் சொன்னாள். "டாக்டரே சொல்லிட்டாருண்ணே."

அப்பா இறைச்சிக்காரரின் லோரியை வரச் சொன்னார். யார் இழுத்தும் செவலை ஏறவில்லை. அத்தை முன்னால் ஏறியதும் பின்னாலேயே ஏறியது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றவள், அப்பா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.